டே ஆற்றில் தூண்டில் போடும் முன்

தம்பி, ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது என்றும், பவானியில் போட்டதைப் போல அங்கே டே ஆற்றில் சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் தூண்டில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இப்போது விடுமுறையில் கோபியில் இருக்கிறேன். கொடிவேரி அணைக்கட்டில் பொரித்த மீனைத் தின்றுவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் தூண்டில் உரிமம் வாங்கச் சொல்வார்கள். எல்லையோர எஸ்க் ஆற்றுப் பகுதியைத் தவிர ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு அரசு உரிமம் இல்லை. அதைக் கேட்டதும் ஆறு பொதுச்சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊரில் குளத்து மீன் குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைக்காரரைக் கேட்டுத்தான் தூண்டிலை எடுப்போம். அங்கே ஆறு முழுவதுமே அப்படித்தான். சால்மன் பிடிக்கும் உரிமை, நிலத்திலிருந்து தனியே பிரித்து விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து என்பதால், கரையிலுள்ள வயல் ஒருவருடையதாகவும் அதை ஒட்டி ஓடும் நீரில் சால்மன் உரிமை வேறொருவருடையதாகவும் இருக்கலாம். உரியவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போடுவது குற்றம்.

நாளும் முக்கியம். டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. டிரவுட்டுக்கு மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மன் பிடிக்கச் சட்டமே தடை விதிக்கிறது. இது தெரியாமல், முதல் ஆண்டில் அனுமதிச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலையில் ஆற்றங்கரைக்குப் போய், இவ்வளவு நல்ல தண்ணீரில் ஓர் ஆளைக்கூடக் காணோமே என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். தூண்டிலைப் பூட்டி முடிக்கும் முன், அந்த ஆற்றுப் பகுதியைப் பராமரித்துத் தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டும் பணியாளர் வந்து, கோபப்படாமல், நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் கில்லி என்பார்கள் (நாம் ஆடிய கில்லிக்கும் இவருக்கும் உறவில்லை). எந்த மடுவில் மீன் தங்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் எவரும் இல்லை. அவரிடம் பணிவாக இருங்கள்.

பிடித்த சால்மனை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது. கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும் இந்த மீன் குறைந்துகொண்டே வருகிறது. 2023-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பிரிட்டனின் சால்மனை அருகிவரும் இனமாக அறிவித்தது. ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடுவதை எல்லா ஆறுகளிலும் விட்டாக வேண்டும். அதன் பிறகும், சால்மன் இருப்பு போதாதென்று அரசு மூன்றாம் தரத்தில் வைத்திருக்கும் ஆறுகளில் பருவம் முழுவதும் அதே விதிதான். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பதும் குற்றம்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டு டிரவுட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல இடத்தில் சால்மனுக்கு ஒரு நாள் அனுமதி நூற்றுக்கணக்கான பவுண்டு வரை போகும். டிரவுட்டுக்கான நாள்சீட்டு அதில் மிகச் சிறு பங்குதான், தூண்டில் கடைகளிலேயே பெரும்பாலும் கிடைக்கும். மண்புழுவையும் மைதா உருண்டையையும் மறந்துவிட்டு, இறகும் நூலும் கட்டிய பொய் ஈயை நீர்மேல் வீசப் பழகுங்கள். டிரவுட் நமக்கு முற்றிலும் அந்நியமான மீனும் அன்று. பவானிக்கு நீர் தரும் குந்தாவின் தலைப்பில், அவலாஞ்சியில், வெள்ளையர் காலத்திலேயே டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். அது வெளியிலிருந்து கொண்டுவந்த வானவில் டிரவுட். டேயில் நீங்கள் தேடப்போவது அந்த மண்ணுக்கே உரிய பழுப்பு டிரவுட். கரையோரப் பாறைகள் வழுக்கும், ஆகஸ்டிலும் தண்ணீர் எலும்பைத் தொடும். கோடையில் வாய்க்காலில் குதித்த துணிச்சலோடு இறங்க வேண்டாம்.

குழம்புக்குக் கடையில் சால்மன் வாங்கிக்கொள்ளுங்கள். அது கடலில் கூண்டுக்குள் வளர்த்த மீன், கொழுப்பு மிகுதி. ஆகவே தாளிக்கும்போது எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள்.