மெக்கிரெகர் என்ற ஸ்காட்லாந்துக் குலப்பெயர் எங்கிருந்து வந்தது? அந்தப் பெயருள்ள மூதாதையரைத் தேடுவது எப்படி?

பெயர் பிறந்த கதை சின்னது. கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். கிரிகோர் என்பவரின் வழிவந்தோர் மெக்கிரெகர். வம்சாவளி தேடுபவர்களைத் திணற வைப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1603 முதல் 1774 வரை, நடுவில் ஒரு 32 ஆண்டுகள் நீங்கலாக, இந்தப் பெயரை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அதனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் 1774க்கு அருகே தடம் அறுந்துவிடும். ஊரையும் தாயின் பிறந்தகப் பெயரையும் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

குலத்தின் முழக்கம் 'என் இனம் அரச இனம்' என்கிறது. 9ஆம் நூற்றாண்டு மன்னர் கென்னத் மக் ஆல்பின் வழி வந்தவர்கள் என்பது மரபுக் கதை, சான்று கிடையாது. சான்றோடு கிடைப்பது 14ஆம் நூற்றாண்டிலிருந்துதான். 'பொற்கடிவாள' கிரிகோர், அவருக்குப் பின் 1390இல் இறந்த ஒற்றைக்கண் இயன். இவர்களின் நிலம் ஆர்கைல் பகுதியின் கிளெனார்க்கி, கிளென்ஸ்ட்ரே பள்ளத்தாக்குகள். பின்னாளில் கிளென் லயன், பல்விடர் பக்கமும் பரவினார்கள்.

கிளெனார்க்கி, கேம்பெல் குலத்தார் கைக்குப் போனது. 15ஆம் நூற்றாண்டில் ஆ ஏரிக்கரையில் கில்கர்ன் கோட்டை எழுந்தபோது மெக்கிரெகர்கள் தாங்கள் ஆண்ட இடத்திலேயே குத்தகைக்காரர்கள். 1570 ஏப்ரலில் கிளென்ஸ்ட்ரேயின் கிரிகோரைக் கேம்பெல் தலைவர் தலைவெட்டிக் கொன்றார். கொல்லப்பட்டவரின் மனைவியும் ஒரு கேம்பெல். அவர் பாடியதாகச் சொல்லப்படும் ஒப்பாரி இன்றும் கேலிக் பாடகர்கள் வாயில் இருக்கிறது.

பெயருக்கு வேட்டு வைத்தது 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயினில் நடந்த சண்டை. லஸ் ஊரின் கஹூன் குலத்தார் சுமார் 140 பேர் மெக்கிரெகர்கள் கையில் வெட்டப்பட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஏப்ரல் 3ஆம் தேதி, அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்து அரியணைக்காக எடின்பரோவை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டே நாள் முன்பு, அரசவை ஆணை வந்தது: மெக்கிரெகர் என்ற பெயரைத் துறக்க வேண்டும், மீறினால் மரண தண்டனை. அடுத்தடுத்த ஆணைகள் நான்கு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது, உணவை நறுக்க முனையில்லாத கத்தி தவிர ஆயுதம் கூடாது என்றன. குலத்தலைவர் அலஸ்டர் 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார்.

தேடுபவருக்கு முக்கியம் 1633ஆம் ஆண்டுச் சட்டம். எந்தப் பாதிரியாரும் ஆண் குழந்தைக்கு கிரிகோர் என்று பெயர் சூட்டக் கூடாது, எந்த எழுத்தரும் அந்தப் பெயரில் பத்திரம் எழுதக் கூடாது, மீறினால் வேலை போகும் என்றது. தேவாலயப் பதிவேடு, பத்திரம் என்று நாம் இன்று தேடுகிற ஆவணங்களையே குறிவைத்த சட்டம் அது. குலத்தார் கேம்பெல், டிரம்மண்ட், மர்ரே, கிரஹாம், கிராண்ட் என்று கிடைத்த பெயரை ஏற்றார்கள். பெரும்பாலும் பக்கத்து நிலப்பிரபுவின் பெயர், அல்லது தாய் வீட்டுப் பெயர்.

இரண்டாம் சார்லஸ் 1661இல் தடையை நீக்கினார். மன்னர் வில்லியம் காலத்தில், 1693இல், அது திரும்பி வந்தது. இந்தக் குலத்தில் பிறந்து கதைகளில் புகழ்பெற்ற ராப் ராயின் வாழ்க்கையில் இதை அப்படியே பார்க்கலாம். 1671 மார்ச் 7 அன்று ஞானஸ்நானம் பெற்றபோது பதிவேட்டில் தந்தை டொனால்ட் மெக்கிரெகர், தாய் மார்கரெட் கேம்பெல். தடை திரும்பியதும் அதே ராப் ராய், ராபர்ட் கேம்பெல் ஆகிவிட்டார்.

1774இல் தடை முழுதாக நீங்கியது. உடனே எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பிவிடவில்லை. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜான் மர்ரேயைத் தலைவராக ஏற்றுக் குலத்தார் 826 பேர் கையெழுத்திட்டார்கள். அந்தக் குடும்பமே 1822இல்தான் மெக்கிரெகர் பெயரை முறைப்படி எடுத்துக்கொண்டது.

இனி தேடும் முறை. ஸ்காட்லாந்து அரசின் 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' தளத்தில் தொடங்குங்கள். பழைய பதிவின் படம் ஒவ்வொன்றையும் பார்க்கக் கட்டணம் உண்டு. அவசரப்பட்டு எல்லாவற்றையும் திறக்காதீர்கள். சிவில் பதிவு 1855 ஜனவரி 1 முதல். அந்த முதல் ஆண்டுப் பிறப்புப் பதிவு ஒரு புதையல்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், முந்தைய குழந்தைகள் பற்றிய விவரம் எல்லாம் இருக்கும். எழுதி மாளவில்லை என்று மறு ஆண்டே பலவற்றை விட்டுவிட்டார்கள். உங்கள் நேர் மூதாதையர் 1855இல் பிறக்காவிட்டால், அந்த ஆண்டில் பிறந்த உடன்பிறப்பு யாராவது உண்டா என்று பாருங்கள்.

அடுத்து இறப்புப் பதிவு. 1857இல் 85 வயதில் இறந்தவர் 1772 வாக்கில், தடைக் காலத்தில், பிறந்தவர். அவருடைய பெற்றோர் இருவர் பெயரும், தாயின் பிறந்தகப் பெயரோடு அதில் இருக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தகவல் கொடுத்த மகனோ மருமகனோ தாத்தாவையும் 'ஜான் மெக்கிரெகர்' என்று சொல்லியிருப்பார். 1772 பதிவேட்டில் அதே தாத்தா ஜான் டிரம்மண்டாக இருக்கலாம். ஆகவே தந்தைப் பெயரை ஒதுக்கிவிட்டு, திருச்சபை வட்டம், குழந்தையின் பெயர், ஆண்டு (முன்பின் மூன்று), தாயின் பிறந்தகப் பெயர் ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்தகப் பெயரோடு வருவது நமக்கு வசதி. அதே பண்ணை, அதே தாய், ஆனால் 1771இல் தந்தை மர்ரே, 1777இல் மெக்கிரெகர் என்று இரண்டு குழந்தைகள் கிடைத்தால் முடிச்சு அவிழ்ந்தது.

1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்ததால் ஏழைகள் பலர் பதியவே இல்லை. அந்த இடைவெளியில் பிறந்த குழந்தை கிடைக்கவில்லை என்றால் மனம் தளராமல் முன்னே பின்னே உள்ள பிள்ளைகளைத் தேடுங்கள்.

எழுத்துக்கூட்டலைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'மக்' என்பதை ஆங்கிலத்தில் முழுதாக (Mac) எழுதினால் ஸ்காட்லாந்து, சுருக்கினால் (Mc) அயர்லாந்து என்பது வெறும் கட்டுக்கதை; ஒரே ஆளை ஒரே எழுத்தர் இரண்டு விதமாக எழுதியதுண்டு. தேடுபெட்டியில் உயிரெழுத்து வரும் இடங்களில் நட்சத்திரக் குறி போட்டுவிடுங்கள்.

இந்தக் குலத்தைச் சேர்ந்தவை என்று கடைகளில் தொங்கும் கிளைப்பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது. டிரம்மண்டுகளில் பெரும்பாலோர் டிரம்மண்டுகள்தான். சந்தேகம் இருந்தால் ஆண்வழி மரபணுச் சோதனை (ஒய் குரோமோசோம்) உதவும். குலத்தின் முதன்மைக் கிளைக்கு எஸ்690 என்ற அடையாளம் உண்டு. ஆனால் நேர் தந்தைவழி ஆண் ஒருவர்தான் மாதிரி கொடுக்க வேண்டும், தாய்வழிப் பேரன் கொடுத்துப் பயனில்லை. மெக்கிரெகர் என்ற பெயரோடு இருந்தும் அந்த அடையாளம் இல்லாதவர்கள் உண்டு. தலைவரின் குடிகளும் அவர் பெயரைச் சூடிக்கொண்டார்கள்.

'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் சின்னம் தனிநபருக்கு உரியது. சின்னங்களுக்கென்றே உள்ள லார்ட் லயன் நீதிமன்றம்தான் வழங்கும். குலத்தார் அணியக்கூடியது, வார்ப்பட்டை சூழ்ந்த முடிசூடிய சிங்கத்தலை முத்திரை மட்டுமே.

மூதாதையர் சென்னை மாகாணத்தில் இருந்தவர் என்றால் தேட வேண்டிய இடம் லண்டன். இங்கு நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவு நகல்கள் 1698 முதல் அங்கே போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 வரிசையைக் கேளுங்கள்.