ஓட முடியாதவள் என்ன எழுதுவது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 25 வயது. பன்னிரண்டு வயதிலிருந்து தடை ஓட்டம்தான் என் வாழ்க்கை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழங்காலில் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்தும் பழைய வேகம் திரும்பவில்லை. அந்த நாட்களில் பொழுது போகட்டும் என்று ஓர் இளையோர் தடகளப் போட்டியில் உதவிக்கு உட்கார்ந்தேன். மழையால் போட்டி நின்றபோது, ஓட்டங்களின் வரிசையை மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

இப்போது விளையாட்டு மேலாண்மையில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். சான்றிதழ்கள் தயார். 'ஏன் இந்தப் படிப்பு?' என்று கேட்கும் நோக்க அறிக்கை மட்டும் நகரவில்லை. ஐந்து வாரங்களாக ஒரே பத்தியை எழுதி எழுதி அழிக்கிறேன். "ஓட முடியாதவர்கள்தான் மேசை வேலைக்குப் போவார்கள்" என்று என் பயிற்சியாளர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. நான் தோற்று ஒதுங்குகிறேனா? கடைசித் தேதிக்கு மூன்று வாரங்களே உள்ளன.

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் இழந்தது சிறிய விஷயம் இல்லை. பாதி வயதுக்கு மேல் 'நான் ஓட்டக்காரி' என்றே உங்களை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். உளவியலில் இதை விளையாட்டு வீரர் அடையாளம் என்கிறோம். அது ஒன்றையே பற்றி வளர்ந்தவர்களுக்கு, காயத்தால் விலக நேரும்போது துக்கம் கடுமையாக வரும். 'ஏன்?' என்ற கேள்விக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அந்தத் துக்கத்தின் முன்னால்தான் உட்காருகிறீர்கள். பேனா நிற்பதை நான் சோம்பலாகப் பார்க்கவில்லை.

பயிற்சியாளரின் சொல் எனக்கு வருத்தம் தருகிறது. இந்தத் துறையின் பிறப்பே அதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகம் 1966இல் இதற்கான முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதற்கு விதை போட்டவர் வால்டர் ஓமாலி என்ற பேஸ்பால் அணி உரிமையாளர். அணியையும் மைதானத்தையும் நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் கிடைக்கவில்லையே என்பதுதான் அவருடைய கவலை. நிதி, சட்டம், விளம்பர ஆதரவு, மைதானப் பராமரிப்பு, போட்டி ஏற்பாடு என்று படித்துத் தேற வேண்டிய வேலை இது.

உங்கள் கடிதத்தில் மழை நாளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எத்தனை ஓட்டங்கள் மீதம் இருந்தன? எதை முதலில் வைத்தீர்கள், ஏன்? ஓடிக் களைத்த பிள்ளைக்கு அடுத்த ஓட்டத்துக்கு முன் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பது உங்கள் கால்களுக்குத் தெரியும். அந்த அறிவோடு அன்று முடிவெடுத்தீர்கள். அறிக்கையை அங்கிருந்து தொடங்குங்கள். காயத்துக்கு இரண்டு வரி போதும்; பதக்கப் பட்டியல் தன்விவரக் குறிப்பிலேயே இருக்கட்டும். பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றை அன்றைய போட்டி அமைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

இன்னொன்று. இந்த வாரம் ஒரு நாள் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். ஓட்டத்தைப் பற்றி, யாருக்கும் காட்டாமல், மனம் போனபடி எழுதுங்கள். அழுகை வந்தால் வரட்டும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், ஓர் உளவியலாளரை நேரில் பாருங்கள். கடைசித் தேதி முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.