மனைவியை ஸ்பொன்சர் செய்ய எந்த வழி?

தம்பி, நீங்கள் ரொறன்ரோவில் பி.ஆர். (நிரந்தர வதிவிட) உரிமையோடு இருக்கிறீர்கள், மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவரை விசிட்டர் விசாவில் அழைத்து இங்கே வைத்து உள்நாட்டு விண்ணப்பம் போடுவதா, அவர் அங்கே இருக்கும்போதே வெளிநாட்டு விண்ணப்பம் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளிநாட்டு விண்ணப்பத்தையே போடுங்கள். விசிட்டர் விசா கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

2012இல் நான் உள்நாட்டு விண்ணப்பம்தான் போட்டேன். மனைவி அப்போது இங்கே மாணவி. சேர்ந்தே இருக்கிறோம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கோப்பு நடந்துகொண்டிருந்தபோது ஊரில் அவருடைய அப்பா இறந்துபோனார். உள்நாட்டு விண்ணப்ப வகுப்பில் இருவரும் கனடாவில் ஒன்றாக வாழ்வதே அடிப்படை நிபந்தனை. வெளியே போனவர் திரும்பி நுழைய முடியாமல் போனால் விண்ணப்பமே விழுந்துவிடும். அதற்குப் பயந்து அவர் போகவில்லை. தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத துயரம் இன்றும் அவரிடம் இருக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் அவர் போய்வருவதால் கோப்புக்கு ஒன்றும் ஆகியிராது.

'வெளிநாட்டு விண்ணப்பம்' என்ற பெயரும் ஆட்களைக் குழப்புகிறது. மனைவி கனடாவுக்குள் இருந்தாலும் அந்த வகுப்பில் விண்ணப்பிக்கலாம். முன்பு உள்நாட்டு வழிக்கு இருந்த பெரிய கவர்ச்சி வேலை அனுமதி. 2023 மே மாதத்தில் அந்த வேறுபாட்டையும் அரசு நீக்கியது. மனைவி சட்டபூர்வமாக இங்கே தங்கி, உங்களோடு ஒரே முகவரியில் வாழ்ந்தால், எந்த வகுப்பில் விண்ணப்பித்திருந்தாலும் திறந்த வேலை அனுமதி, அதாவது ஒரே முதலாளியோடு கட்டிப்போடாத அனுமதி, கேட்கலாம்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது மேல்முறையீடு. வெளிநாட்டு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரங்களையும் முன்வைக்க முடியும். உள்நாட்டு விண்ணப்பத்துக்கு அந்த உரிமை இல்லை. ஃபெடரல் நீதிமன்றத்தை நாடலாம், ஆனால் முடிவு எடுக்கப்பட்ட விதம் சரியா என்பதைத்தான் அது பார்க்கும்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: திருமணம் நடந்தது பி.ஆர். பெறுவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், அப்போது மனைவியின் பெயரை அறிவித்தீர்களா? அறிவிக்காமல் விட்டிருந்தால் சிக்கல் பெரிது. படிவத்தைத் தொடுவதற்கு முன் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். இன்னொன்று, குடியுரிமை பெற்றவர் வெளிநாட்டில் இருந்தபடியும் ஸ்பொன்சர் செய்யலாம், பி.ஆர். வைத்திருப்பவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அங்கே தங்கிவிடாதீர்கள்.

மனைவியை ஸ்பொன்சர் செய்ய உங்களுக்கு இவ்வளவு வருமானம் வேண்டும் என்ற வரம்பு பொதுவாக இல்லை. மூன்று வருடங்களுக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளுக்கு நீங்கள் பொறுப்பு என்று கையெழுத்திடுவீர்கள். கல்யாணப் படங்களை மட்டும் நம்பியிருக்காமல், அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், பயண டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள்.

கோப்பு போன பிறகு விசிட்டர் விசாவுக்கும் விண்ணப்பியுங்கள். பி.ஆர். விண்ணப்பம் நடப்பதை அதில் மறைக்க வேண்டாம். நிரந்தரமாக வர விரும்புகிறவர் தற்காலிகமாகவும் வரலாம் என்று சட்டமே சொல்கிறது, ஆனால் தங்கும் காலம் முடிந்தால் திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். விசா கிடைத்து அவர் வந்துவிட்டால், புதிய முகவரியை உடனே அறிவித்துவிடுங்கள்.