கீச்சென்று கத்தும் பழைய கேசட்டைச் சரி செய்ய முடியுமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பழைய கேசட்டுகளை ரேடியோவில் போட்டால் பாட்டோடு சேர்ந்து கீச் கீச் என்று சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது, "எல்லாப் பாட்டும் யூடியூப்பில் கிடைக்கிறதே, இந்தக் குப்பை எதற்கு?" என்றும் கேட்டிருப்பார்கள். சினிமாப் பாட்டுக் கேசட் என்றால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. வீட்டு மனிதர்கள் பேசியதையும் பாடியதையும் பதிவு செய்த கேசட் என்றால் நியாயமே இல்லை. அதற்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட். இளவயதில் இங்கே பட்டணத்தில் ஒரு சீனத் தௌக்கேயின், அதாவது முதலாளியின், ரேடியோ கடையில் வேலை கற்றேன். ரப்பர் தோட்டத்து ஆட்களோடு அவர் தமிழிலேயே பேசுவார். சம்பளம் போட்ட மறுநாள் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து ரேடியோக்கள் வந்து இறங்கும். அப்போது வானொலி ஆறு என்று இருந்ததுதான் இப்போதைய மின்னல் எஃப்எம். அதில் வரும் பாட்டைப் பதிவு செய்யாத லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, குறைவு. அதனால் கேசட்டின் கீச்சுச் சத்தம் எனக்குப் பழக்கமானது. நான் பொறியியல் படித்தவன் இல்லை. கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

சத்தம் ரேடியோப் பெட்டியில் இருந்து வருகிறதா, கேசட்டில் இருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். நன்றாக ஓடும் வேறு கேசட்டைப் போடுங்கள். அதுவும் கத்தினால் கோளாறு பெட்டியில். ரப்பர் பெல்ட் இறுகியிருக்கும், அல்லது மோட்டார் அச்சு வறண்டிருக்கும், அல்லது நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும். பெல்ட்டை மாற்றுங்கள். ரோலரைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துக் காய விடுங்கள். மோட்டார் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு போதும். அது பெல்ட்டிலோ ரோலரிலோ பட்டுவிடக் கூடாது. நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாக அழுக்கு ஏறியிருந்தால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்.

அந்த ஒரு கேசட் மட்டும்தான் கத்துகிறது என்றால், ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஹெட்போனில் கேட்காமல் பெட்டிக்கு வெளியே மட்டும் கேட்டால், கேசட்டின் கூட்டுக்குள் ஏதோ உரசுகிறது. ஹெட்போனிலும் கேட்டால் நாடாவே ஹெட்டில் ஒட்டி ஒட்டி விடுபடுகிறது. ஈரக் கண்ணாடியில் விரலை அழுத்தி இழுத்தால் கத்துமே, அதேதான். இந்தச் சத்தம் பாட்டோடு கலந்து வரும். கணினியில் ஏற்றிய பிறகு அதைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். ஆகவே ஏற்றும் முன்பே சரி செய்ய வேண்டும்.

கேசட்டைத் திறந்து பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. நாடா சுற்றிய இரண்டு சக்கரங்கள், அவற்றுக்கு மேலும் கீழும் வழுக்குத் தாள்கள், முன் மூலைகளில் இரண்டு சின்ன உருளைகள், நடுவில் செம்புத் தகட்டில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு, அவ்வளவுதான். தாளில் கிராஃபைட்டோ சிலிக்கோனோ பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு போய்விட்டால், தாள் சுருங்கிவிட்டால், வெயிலில் கூடு வளைந்துவிட்டால், 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவின் ஓரம் பிளாஸ்டிக்கில் உரசும். உருளை இறுகினாலும் கத்தும். ஆக, நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் கெட்டுப் போனது கூடுதான். உள்ளே குரல் பத்திரமாகவே இருக்கும்.

முதலில் எளிய வழி. கேசட்டை உள்ளங்கையில் தட்டையாகத் தட்டி, ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். திருகாணி உள்ள கேசட் என்றால் ஐந்து திருகாணிகளையும் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். பல கேசட்டுகள் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் கூட்டை மாற்ற வேண்டும். திருகாணி போட்ட காலி கேசட் ஒன்றை வாங்குங்கள். ஈப்போவின் பழைய பொருள் சந்தையான பாசார் காராட்டில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும். அதன் சக்கரங்களை எடுத்துவிட்டு, உங்கள் சக்கரங்களை நாடாவோடு அப்படியே தூக்கி வைத்து, உருளைகளைச் சுற்றி நாடாவை ஓட்டி மூடுங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகே தொட வேண்டும். நாடாவில் முறுக்கு விழக் கூடாது. 60 நிமிடம் ஓடும் சி-60 நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், சி-90 சுமார் 12, சி-120 சுமார் 9 மைக்ரான்தான். சி-120 கையில் வந்தால் மட்டும் தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் என் பெரியம்மா. 1984-இல் பெரியப்பா மகன், அண்ணன், லயத்து அஞ்சடியில் (வீட்டு முன் நடையில்) ரேடியோவை வைத்து, பெரியம்மா பாடிய தாலாட்டுகளையும் பால்மரக் காட்டில் பாடும் பாட்டுகளையும் ஒரு சி-90-இல் பதிவு செய்தார். அதிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், பால் வெட்டிவிட்டு வந்து, சாயங்காலம் உட்கார்ந்து பாடியவை. பெரியம்மா போய்ச் சேர்ந்த பிறகு அதைப் போட்டால் தொடக்கம் முதல் கடைசி வரை கீச்சுச் சத்தம். அண்ணன் பதறி ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கிருந்தவர் துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுத்துக் கேசட்டின் வாய்க்குள் அடித்துக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் எண்ணெய் கம்பளித் துண்டில் ஊறி, ரோலரில் ஏறி, நாடா வழுக்கி, பெரியம்மாவின் குரல் குழற ஆரம்பித்தது. "நாடா செத்துப்போச்சு, வீசுங்கள்" என்று அந்தக் கடையிலேயே சொல்லியும் விட்டார்கள்.

என்னிடம் வந்தபோது நான் பழைய கூட்டை, தாளை, கம்பளித் துண்டை எல்லாம் கழித்துவிட்டேன். எண்ணெய் பட்ட வெளிச் சுற்றுகளை நூல் உதிராத மெல்லிய துணியால் வறட்டாக, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துப் புதுக் கூட்டில் ஏற்றினேன். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் இன்னும் ஆடுகிறது. மற்றது முழுக்கத் தெளிவாக இருக்கிறது. ஒரு தாலாட்டின் நடுவில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கிறது. பெரியம்மா நிறுத்தி, "மழை வருது, துணியை எடுடி" என்று யாரையோ அதட்டிவிட்டு, விட்ட அடியில் இருந்தே தொடர்கிறார். அந்தத் தோட்டம் முழுக்க இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). லயம் இடித்தாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்ட வாழ்க்கைக் கண்காட்சி வைக்கிறோம் என்று வருகிறார்கள். பால் வாளி, உளி, அம்மிக்கல் எல்லாவற்றையும் படம் எடுக்கிறார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கஷ்டம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. என்ன பாடினீர்கள், யார் நன்றாகப் பாடுவார் என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பெரியம்மாவின் குரல் இருக்கிறது என்று நானாகச் சொன்னபோது, மேசையில் வைக்க ரேடியோ மட்டும் போதும் என்று அதை வாங்கிப் போனார்கள். அந்த ரேடியோ இன்னும் திரும்பி வரவில்லை. எங்கள் ஆட்கள் ரப்பர் வெட்ட மட்டும் பிறந்தவர்கள் இல்லை. பாட்டுக் கட்டினார்கள், நாடகம் போட்டார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நாடாவை அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று யாராவது இங்கே எழுதுவார்கள். 70, 80-களின் சில பெரிய ரீல் நாடாக்களில் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். அவற்றுக்குச் சுமார் 54 டிகிரி செல்சியஸில், சூடு கூடாமல் காக்கும் கருவியில் அப்படிச் செய்வது உண்டு. வீட்டுக் கேசட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. சமையல் ஓவனில் வைத்தால் கூடு வளைந்துவிடும்.

நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் நல்ல ரேடியோவில் போடாதீர்கள், மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். நம் ஊர் ஈரத்துக்கு இது சாதாரணம். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். காரில் விடாதீர்கள்.

கூடு மாற்றிய கேசட் முதல் தடவை ஒழுங்காக ஓடும்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். ஹெட்போன் துளையில் இருந்து ஒரு ஒயர் போதும். சோதித்துப் பார்க்க வேறு கேசட்டை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதில் எது வீட்டுப் பதிவு, எது கடையில் வாங்கியது, திருகாணி இருக்கிறதா ஒட்டியதா என்று கீழே எழுதினால், ஒட்டிய கூட்டை எங்கே கத்தி வைத்துப் பிரிப்பது என்று சொல்கிறேன்.