வேன் பேட்டரிக்கு எந்த சார்ஜர்?

கேள்வி: அண்ணே, பழைய வேன் ஒண்ண உள்ளேயே தங்கித் தூங்குற கேம்பரா மாத்திக்கிட்டு இருக்கோம், ஜூலை லீவுக்கு புள்ளைங்களோட டிராகன்ஸ்பர்க் மலைக்குப் போகணும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி வாங்கியாச்சு. ஆல்டர்னேட்டர்ல (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்றது) இருந்து ஒரு ரிலே (தானா ஆன்-ஆஃப் ஆகுற சுவிட்ச்) வச்சு நேரா சார்ஜ் ஏத்திடலாம்னு மச்சான் சொல்றாரு, சரியா வருமா?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ரிலே வேணாம் தம்பி. காலியான லித்தியம் கரண்ட்ட அப்படியே உறிஞ்சும், வண்டி நகராம இன்ஜின் மட்டும் ஐடில்ல ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், சூடு ஏறி உள்ள இருக்குற செம்புக் கம்பிச் சுத்து (வைண்டிங்) கருகிடும். அதுக்குத்தான் ஆல்டர்னேட்டருக்கும் லித்தியத்துக்கும் நடுவுல ஒரு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைக்கணும், அது கரண்ட்ட அளவா மட்டும் விடும், மூணு மணி நேரம் ஓட்டினா பேட்டரி முக்காவாசிக்கு மேல ஏறிடும். லித்தியம் செட்டிங்ல வைங்க, பொதுவா 14.2ல இருந்து 14.6 வோல்ட், ஆனா பேட்டரியோட வந்த பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

வயர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 16 சதுர மில்லிமீட்டர் போடுங்க, வண்டியோட பேட்டரி, லித்தியம் பேட்டரி ரெண்டு பக்கத்துலயும் ஃப்யூஸ் கண்டிப்பா வேணும், ஃப்யூஸ் இல்லாத பாசிட்டிவ் வயர் வண்டி பாடில உரசினா தீதான், உள்ள புள்ளைங்க தூங்கும்ல.

கேரவன் பார்க்ல 230 வோல்ட் கிடைச்சா லித்தியம் மோட் இருக்குற சார்ஜர் தனியா வச்சுக்கங்க. சோலார் அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, ஜூலை நம்ம ஊர்ல குளிர்காலம், மலைப்பக்கம் ராத்திரி ஜீரோவுக்குக் கீழ போகும், அந்தக் குளிர்ல லித்தியத்த சார்ஜ் பண்ணா செல்லே கெட்டுடும், உங்க பேட்டரி பிஎம்எஸ்ல (பேட்டரிய உள்ள இருந்து காக்குற சர்க்யூட்) குளிருக்கு கட்-ஆஃப் இருக்கான்னு கடைக்காரர்கிட்ட இப்பவே கேட்டுருங்க.