வயது ஒரு வரம்பாகலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 78 வயது. கொரோனாவின் தொடக்கத்தில் இத்தாலியில் முதியவர்களை விட்டுவிட்டு இளையவர்களுக்கு வென்டிலேட்டர் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டது இன்னும் மனத்தை அறுக்கிறது. வயதைப் பார்த்து உயிரைத் தேர்ந்தெடுப்பது அறமாகுமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: வயதை மட்டும் பார்ப்பது அறமாகாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். 2020 மார்ச் 6 அன்று இத்தாலியின் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் வெளியிட்ட பரிந்துரையில், படுக்கைகள் அறவே போதாமல் போனால் வயது வரம்பு வகுக்க நேரலாம் என்று ஒரு வரி இருந்தது. எந்த வயது என்று அது குறிக்கவில்லை. முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற முறை அந்த நெருக்கடிக்குப் பொருந்தாது என்றும் அது சொன்னது. அதை நான் ஏற்கிறேன். முதலில் வந்தவர் பெரும்பாலும் மருத்துவமனைக்கு அருகில் வசிப்பவராகவோ, வண்டி வசதி உள்ளவராகவோதான் இருப்பார். பார்க்க வேண்டியது பிழைக்கும் வாய்ப்பு. நாள்தோறும் வயலுக்கு நடந்துபோகும் 78 வயதுக்காரருக்கு, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்துபோன 55 வயதுக்காரரைவிட அந்த வாய்ப்பு கூடுதலாக இருக்கலாம்.

வாய்ப்பை அளப்பதிலும் அநீதி நுழையும். அதே மாதம் 20ஆம் தேதி பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, தீவிர சிகிச்சை யாருக்கு என்று முடிவு செய்ய, உடல் தளர்ச்சியை மதிப்பெண்ணால் அளக்கும் முறையைப் பரிந்துரைத்தது. அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவியை நாடுவோருக்கு அதில் மதிப்பெண் ஏறிவிடும் என்பதால், திடமான உடல் கொண்ட ஆட்டிசம் உள்ள இளைஞரும் தளர்ந்தவராகக் கணக்கிடப்படும் ஆபத்து இருந்தது. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் எதிர்த்த பிறகு, ஐந்தே நாளில் அது திருத்தப்பட்டது. அவர்கள் குரல் எழுப்பியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

நியூயார்க் மாநிலம் 2015இலேயே வகுத்த நெறிமுறை எனக்கு நியாயமாகப் படுகிறது. யாருக்கு வென்டிலேட்டர் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் அல்லாமல் வேறொரு மருத்துவரோ குழுவோ முடிவு செய்ய வேண்டும். வாய்ப்பு சமமாக உள்ள பெரியவர்களிடையே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். குலுக்கல் என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் செல்வமும் செல்வாக்கும் அங்கே செல்லாது. கருவி கிடைக்காதவருக்கும் மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்தும், அருகில் ஒரு மனிதரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

உங்கள் தந்தை தெளிவோடு இருக்கும் இப்போதே அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். உயிர்காக்கும் கருவிகள் எதுவரை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023 முதல் இரு சாட்சிகளின் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று அவர் சொன்னால், அதையும் அவருடைய சொற்களிலேயே குறித்து வையுங்கள்.