மனநோய் மாத்திரை: சிஸ்டரிடம் கேட்டவை

மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) போன்ற நோய்களுக்குத் தரும் மாத்திரைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன்.

காட்பாடி: பையனுக்குக் காதில் குரல் கேட்பது நின்று எட்டு மாதம் ஆகிறது. இன்னும் எதற்கு மாத்திரை, சிஸ்டர்?

குரல் நின்றதில் மாத்திரைக்குப் பெரிய பங்கு இருக்கும் அம்மா. 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2012இல் வந்தது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 பேருக்கு. சாப்பிட்டும் சிலருக்கு வந்திருக்கிறது, நிறுத்தியும் சிலருக்கு வரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆனால் உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை கிடையாது. முதல் தடவை வந்தவர்களுக்கே ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்வது வழக்கம். அப்புறம் குறைப்பதென்றாலும் டாக்டர் கண்காணிப்பில், மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக.

ஆரணி: ஹாலோபெரிடால் ஆரம்பித்ததிலிருந்து கை விறைத்து நடுங்குகிறது. தறியில் உட்கார முடியவில்லை.

அது பெரும்பாலும் மருந்தால் வருவது, அண்ணா. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுத்துத்தான் இந்த மருந்து குரலை அடக்குகிறது. உடம்பின் அசைவை நடத்துவதும் அதே டோபமைன். டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், விறைப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையைச் சேர்க்கலாம். டாக்டரிடம் "கை நடுங்குது" என்பதோடு நிறுத்தாமல் "பட்டு நெய்கிறேன், இழை கைக்கு வரமாட்டேங்குது" என்று சொல்லுங்கள். கைதான் பிழைப்பு என்று தெரிந்தால் அவர் தேர்ந்தெடுக்கும் மருந்தே மாறலாம்.

இன்னொன்று. சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். வீட்டில் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து டோஸைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டினால் பரபரப்பும் கூடும். வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வாயும் நாக்கும் தானாக அசைய ஆரம்பித்தால் உடனே காட்டுங்கள். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு அது போகாது.

ஆம்பூர்: ஓலன்சபைன் சாப்பிட்டு ஆறு மாதத்தில் அண்ணன் 14 கிலோ ஏறிவிட்டார்.

அந்த மருந்து பசியைக் கிளப்பும். வாய்க்கட்டு இல்லை என்று அவரைத் திட்டாதீர்கள். ஆம்பூரில் இருப்பவரிடம் பிரியாணியைத் தொடாதே என்று சொல்ல எனக்கும் வாய் வராது! எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு இவற்றை மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதத்திலும், பிறகு வருடா வருடமும் பார்க்க வேண்டும். அரிப்பிப்ரசோல் போல எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

குடியாத்தம்: அப்பா குளோசபைன் சாப்பிடுகிறார். பீடியை விடச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு. பீடிப் புகை கல்லீரலைத் தூண்டி இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். பீடியை நிறுத்தினால் சில நாட்களிலேயே, அதே டோஸில், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அசதியில் தொடங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். குளோசபைன் வேறு மருந்துகளில் நோய் அடங்காதவர்களுக்குக் கொடுப்பது. அபூர்வமாக வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால்தான் முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம் எடுக்கிறார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் சாதாரணமாக விடாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அணைக்கட்டு: வீட்டுக்காரர் மாத்திரையே தொட மாட்டேன் என்கிறார். மாமியார் ரசத்தில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்.

வேண்டாம் அம்மா. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்படும் நோய் இது. அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கிவிடுவோம். தூக்கம் ஏன் அடிக்கிறது, கை ஏன் நடுங்குகிறது என்று தெரியாமல் அவர் இன்னும் பயப்படுவார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று முதலில் கேளுங்கள். பல நேரம் சொல்லக் கூச்சப்படும் பக்கவிளைவாக இருக்கும், ஆண்மைக் குறைவும் அதில் ஒன்று. தினமும் விழுங்குவதுதான் கஷ்டம் என்றால், அவர் சம்மதித்தால் மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம். நேரில் போக முடியாவிட்டால் 14416க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம்.

வாணியம்பாடி: ரிஸ்பெரிடோனால் தங்கைக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. கல்யாணம் வரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. கல்யாண வீட்டில் தூக்கம் கெடும், மாத்திரையும் இல்லையென்றால் நோய் திரும்ப அதைவிட வசதி வேண்டாம். அந்த மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், அதனால் மாதவிடாய் தள்ளிப்போகும். ரத்தத்தில் பார்த்துவிட்டு மருந்தை மாற்றலாம்.

வேலூர்: கத்திரி வெயிலில் தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு. இந்த மருந்துகளில் பல, உடம்பு தன்னைக் குளிர்விக்கும் வழியைக் கெடுக்கும். உச்சி வெயிலில் கட்டட வேலைக்கு விடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். கடும் காய்ச்சல், கட்டை போல விறைத்த உடம்பு, பேச்சில் குழப்பம் இவை சேர்ந்து வந்தால் வெயில் என்று விட்டுவிடாமல், எந்த மருத்துவமனை கிட்டே இருக்கிறதோ அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.